தாய்வீட்டுக்குப் போகும் திமிங்கலம்

திமிங்கலம் பார்க்கக் காசு கொடுத்துக் கடலுக்குப் போகிறவர்களைப் பற்றி பிரிஜெட்டுக்கு நல்ல அபிப்பிராயமே கிடையாது. அரை நாள் காற்றில் விறைத்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, கடைசியில் இவர்கள் பார்க்கப்போவது என்ன? கறுப்பாக ஒரு முதுகு. அதுவும் அரைகுறையாக. குளத்தில் கிடக்கிற எருமை இதைவிட அதிகமாகத் தெரியும், அதற்கு யாரும் டிக்கெட் போடுவதில்லை. இருந்தாலும் அந்த முதுகை விற்றுத்தான் அவள் சம்பளம் வாங்கினாள்.

இரண்டாயிரத்து மூன்றாம் வருஷம் அது. பெங்களூரில் பழைய மெட்ராஸ் ரோட்டை ஒட்டி ஒரு கண்ணாடிக் கட்டடம், அதில் மூன்றாவது மாடியில் கால் சென்டர். ஆஸ்திரேலியாவில் ஒரு பாய்மரப் படகுக் கம்பெனி இவர்களுடைய வாடிக்கை. அங்கே குளிர்காலம் வந்தால் தென்துருவப் பக்கத்துத் திமிங்கலங்கள் குட்டி போடுவதற்காக வடக்கே, சூடான தண்ணீருக்குப் போகும். வசந்தத்தில் குட்டியோடு திரும்பும். அந்தப் போக்குவரத்தைக் காட்ட ஆட்களை ஏற்றிக்கொண்டு போவது அந்தக் கம்பெனியின் தொழில். பாய்மரப் படகில் எஞ்சின் இரைச்சல் இல்லை, அதனால் திமிங்கலம் மிரளாமல் பக்கத்தில் வரும் என்பது அவர்கள் விளம்பரம். அங்கே ஒருவர் டிக்கெட்டுக்குப் போன் போட்டால் மணி இங்கே பெங்களூரில் அடிக்கும். துறைமுகத்தில் உட்கார்ந்திருக்கும் வெள்ளைக்காரப் பெண்ணிடம் பேசுவதாக அவர் நினைத்துக்கொள்வார். பேசுவது ஆஸ்டின் டவுன் பிரிஜெட். அவள் கடலைப் பார்த்தது வேளாங்கண்ணியில் மட்டும், அதுவும் முழங்கால் வரைக்கும்.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அவள் பெயரை மாற்றினார்கள். இந்தியப் பெயர் கஸ்டமருக்கு வாயில் நுழையாது என்றான் டீம் லீடர் பாலகுமார்.

"சார், என் பேரே பிரிஜெட்தான் சார். சர்ச்ல வச்ச பேரு."

"அது எனக்குத் தெரியுதும்மா. ஆனா பாலிசின்னு ஒண்ணு இருக்குதில்ல?"

பாலிசிப்படி பிரிஜெட் ஷெல்லி ஆனாள். பெருந்துறையிலிருந்து வந்த பாலகுமார் பிராட் ஆனான். ஆனவன் அதோடு நிற்கவில்லை. மூன்று நாள் பயிற்சியில் கற்ற ஆஸ்திரேலிய உச்சரிப்பை கேண்டீனில் இட்லி கேட்கும்போதும் விடமாட்டான். கழுத்து அடையாள அட்டையை ஞாயிற்றுக்கிழமை காய் வாங்கப் போகும்போதும் கழற்றமாட்டான். ஜோகுபாளையத்தில் அவன் குடியிருந்த வீட்டுக்காரரே அவனை ஏதோ ஆஸ்பத்திரி ஊழியர் என்று நினைத்திருந்தார். இந்த ஆளிடம் தலையாட்டி வேலை பார்க்க வேண்டியிருக்கிறதே என்று பிரிஜெட் தினமும் ஒருமுறையாவது நினைத்துக்கொள்வாள்.

அந்த வருஷம் ஜூனில் ஒரு கிழவி போன் செய்தாள். திமிங்கலங்கள் எதற்காக அவ்வளவு தூரம் போகின்றன என்று கேட்டாள். எழுதிக் கொடுத்திருந்த பதிலில் 'உணவுப் பகுதியிலிருந்து இனப்பெருக்கப் பகுதிக்கு' என்று இருந்தது. பிரிஜெட்டுக்கு அன்றைக்கு எரிச்சல். அவள் அண்ணன் ஓஸ்வால்டின் மனைவி பிரசவத்துக்காக கே.ஜி.எஃபில் தாய்வீட்டுக்குப் போயிருந்தாள். உப்பு எங்கே இருக்கிறது, சீயக்காய் எங்கே இருக்கிறது என்று அண்ணன் காலையிலிருந்து இவள் உயிரை எடுத்துவிட்டான். அந்த எரிச்சலில் வாயில் வந்ததைச் சொன்னாள்.

"அவள் தாய்வீட்டுக்குப் போகிறாள் மேடம். எங்கள் வீட்டுப் பெண்கள் மாதிரிதான். மாசமானால் தாய்வீடு. பெற்று, பிள்ளை கொஞ்சம் தேறியதும் கூட்டிக்கொண்டு புருஷன் ஊருக்குத் திரும்புவாள். இப்போது வந்தால் வயிற்றோடு போவதைப் பார்க்கலாம். அக்டோபரில் வந்தால் பிள்ளையோடு திரும்புவதைப் பார்க்கலாம்."

இதை அவள் ஆங்கிலத்தில்தான் சொன்னாள். முழுக்கக் கேட்டுவிட்டுக் கிழவி, நீ இத்தாலிக்காரியா என்று கேட்டாள். ஆமாம் என்றாள் பிரிஜெட். போக ஒன்று, திரும்ப ஒன்று என்று கிழவி இரண்டு பயணத்துக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்தாள்.

அடுத்த ஆளிடமும் அதையே சொல்லிப் பார்த்தாள். அவரும் இரண்டு பயணம் எடுத்தார். ஒரு வாரத்தில் பக்கத்து சீட் பெண்கள் எல்லோரும் தாய்வீட்டைப் பிடித்துக்கொண்டார்கள். கிண்டலாக ஆரம்பித்தது தொழிலாகிவிட்டது. கஸ்டமர்கள் மறக்காமல் ஒன்று கேட்பார்கள், அவள் கட்டாயம் திரும்பி வருவாளா என்று. வராமல் எங்கே போவாள் என்று பிரிஜெட் சிரித்துக்கொண்டே சொல்வாள்.

திமிங்கலம் திரும்பத் தொடங்கிய சமயத்தில் படகுக் கம்பெனி முதலாளி ட்ரெவர் போனில் எல்லோரையும் கூட்டிவைத்துப் பேசினார். இந்தத் தாய்வீட்டுப் பேச்சை யோசித்த ஆளைத் தாம் சொந்தச் செலவில் அழைக்கப்போவதாகச் சொன்னார். அந்த ஆள் படகில் வரவேண்டும், தாயும் குட்டியும் திரும்புவதைக் கண்ணால் பார்க்கவேண்டும், வந்திருக்கும் விருந்தாளிகளுக்கு அந்தக் கதையைத் தன் வாயால் சொல்லவேண்டும்.

பிரிஜெட் எருமை முதுகு என்று இளக்காரம் பேசினவள்தான். ஆனால் அந்த முதுகை நேரில் பார்க்க அவளுக்கு எவ்வளவு ஆசை இருந்தது என்பது அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது. நாள் தவறாமல் வர்ணித்த கடல். முழங்காலுக்கு மேலே அது எப்படித்தான் இருக்கும்?

"தேங்க் யூ ட்ரெவர்" என்றான் பாலகுமார். "ஐ ஆம் ஹம்பிள்ட்."

அவன் ஏற்கெனவே ட்ரெவருக்கு மெயில் அனுப்பியிருந்தான். 'பிராடின் தாய்வீட்டு உத்தி' என்று தலைப்பே போட்டிருந்தான். பிரிஜெட் அவன் மேஜைக்குப் போனாள்.

"சார், அது நான் சொன்னது சார். ஜூன்ல. கால் ரெக்கார்ட் ஆயிருக்கும், போட்டுக் கேளுங்க."

"ரெக்கார்டிங் எல்லாம் மூணு மாசத்துல அழிச்சிருவாங்கம்மா."

"அப்ப உங்களுக்குத் தெரியாதா யார் சொன்னதுன்னு?"

"இது டீம் எஃபர்ட். உன் ஒருத்தி பேரைப் போட்டா மத்த புள்ளைங்க ஃபீல் பண்ணுவாங்க. அதுவுமில்லாம உனக்குப் பாஸ்போர்ட் இருக்குதா?"

"எடுக்கலாம் சார்."

"பாரு, அதுக்கே நாளாகும்" என்று அவன் அனுதாபத்தோடு சொன்னான். அந்த அனுதாபம்தான் பிரிஜெட்டுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திருடுகிறவன் திருடிவிட்டுப் போகட்டும். கூடவே நின்று 'அச்சோ, பறிபோய்விட்டதே' என்று உச்சுக்கொட்டுகிறானே, இவனை என்ன செய்வது?

அவன் அவளிடமிருந்து எடுத்தது அது ஒன்று மட்டுமல்ல. கால் சென்டருக்குள் மொபைல் போனைக் கொண்டுவரக் கூடாது, வெளியே பெட்டியில் பூட்டிவிட்டுத்தான் வரவேண்டும். வீட்டிலிருந்து யாராவது அவசரத்துக்குக் கூப்பிட்டால் ஒரு கறுப்புப் போன் உண்டு. அது பிரிஜெட்டின் சீட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. அதில் அதிகம் கூப்பிட்டவள் பாலகுமாரின் மனைவி உஷா. அவள் குடியாத்தத்துப் பெண். ஏழாம் மாதம் சீமந்தம் முடிந்து அவளைத் தாய்வீட்டுக்கு அழைத்துப்போயிருந்தார்கள். அனுப்பிவைத்த அன்றோடு சரி, பாலகுமார் ஒருமுறைகூடப் போய்ப் பார்க்கவில்லை. குடியாத்தம் என்ன ஆஸ்திரேலியாவா? காலையில் ரயில் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம்.

"அக்கா, அவரு இருக்காரா?"

பிரிஜெட் எட்டிப் பார்ப்பாள். அவன் அங்கேயிருந்தே கையை ஆட்டுவான். இல்லை என்று சொல் என்று அர்த்தம்.

"மீட்டிங்ல இருக்காருங்க உஷா."

"இன்னுமா?"

"பெரிய மீட்டிங்."

இப்படியே இரண்டு மாதம் ஓடியது. கடைசியில் உஷா அவனைக் கேட்பதையே குறைத்துக்கொண்டு பிரிஜெட்டோடு பேச ஆரம்பித்துவிட்டாள். கால் வீங்கியிருக்கிறது, ராத்திரியில் நெஞ்சு கரிக்கிறது, குழந்தை உதைக்கிறது என்று சொல்வாள். ஒருநாள் சிரித்துக்கொண்டே, "எங்கம்மா அவருக்கு ரூல்ஸ் போட்டிருக்காங்கக்கா. பொண்டாட்டி மாசமா இருந்தா புருஷன் முடி வெட்டக் கூடாதாம், மலை ஏறக் கூடாதாம், கடல் தாண்டக் கூடாதாம். அவரு எங்க கடல் தாண்டப்போறாரு, அல்சூர் ஏரியத் தாண்டறதுக்கே டைம் இல்ல" என்றாள்.

இந்தச் சாங்கியமெல்லாம் சுத்த அபத்தம் என்பது பிரிஜெட்டின் எண்ணம். ஆனால் பாலகுமார் அதை அபத்தம் என்று மாமியாரிடம் நேராகச் சொல்லவில்லை. ஹைதராபாத்தில் டிரெய்னிங் என்று புளுகிவிட்டுக் கிளம்பினான். அப்படிப் புளுகினதையும் பிரிஜெட்டின் தலையில்தான் வைத்தான்.

"வீட்ல இருந்து யாராச்சும் கூப்ட்டா ஹைதராபாத்னு சொல்லு. மீட்டிங்னு சொல்லு. டெலிவரிக்கு இன்னும் மூணு வாரம் இருக்குது, அதுக்குள்ள வந்துருவேன்."

"சரி சார்."

"அப்பறம் என் லாகின் கோடு உங்கிட்ட இருக்குதில்ல? ரிப்போர்ட்டெல்லாம் நீயே போட்டு அனுப்பிரு."

என் வாயை வைத்துத்தான் இந்த ஆள் பிழைக்கிறான், என்று நினைத்தாள் பிரிஜெட். என் வாய் சொன்னதை வைத்து விமானம் ஏறுகிறான். ஏறுகிறதை மறைக்கவும் என் வாயே வேண்டியிருக்கிறது.

அவன் படகேறவேண்டிய நாள் அவளுக்கு நன்றாகவே தெரியும், அந்தப் படகின் மற்ற டிக்கெட்டுகளை விற்றவளே அவள்தான். அன்றைக்குக் காலை ஷிஃப்ட் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் கறுப்புப் போன் அடித்தது. ஒரு வயதான ஆண் குரல்.

"அம்மா, நான் ரங்கநாதன் பேசறேன். உஷாவோட அப்பா. மாப்பிள்ளைய எப்படியாவது பிடிச்சுக் குடும்மா. உஷாவுக்கு விடியறதுக்கு முன்னாடியே வலி எடுத்துருச்சு. ஆஸ்பத்திரில சேத்துட்டோம். ஆபரேஷன் பண்ணணும்னு டாக்டரம்மா சொல்றாங்க. உள்ள கூட்டிட்டுப் போறதுக்கு முன்னாடி அவரு குரலக் கேக்கணும்னு அழுவுறா. ஹைதராபாத் நம்பர் இருந்தா குடு."

பிரிஜெட் வாயைத் திறந்தாள். பழக்கம் எவ்வளவு பொல்லாதது, 'மீட்டிங்' என்ற சொல் நாக்கின் நுனி வரைக்கும் வந்துவிட்டது. அதை அப்படியே விழுங்கினாள்.

"அய்யா, அவரு ஹைதராபாத்ல இல்ல. ஆஸ்திரேலியாவுல இருக்காரு. இப்ப கடல்ல இருக்காரு."

"கடல்லயா? எதுக்கும்மா?"

"திமிங்கலம் பாக்கறதுக்கு."

இவள் புத்தி சரியில்லாதவளோ என்றுகூடப் பெரியவர் நினைத்திருப்பார்.

"அய்யா, உங்க மொபைல் நம்பரச் சொல்லுங்க, நானே திருப்பிக் கூப்பிடறேன். போனை உஷா காதுல வைங்க. நான் அவரப் பிடிக்கிறேன்."

வெளிநம்பரை இணைப்பதற்கு டீம் லீடரின் கோடு வேண்டும். அதுதான் இருக்கிறதே, ரிப்போர்ட் போடக் கொடுத்துவிட்டுப் போன கோடு. ரங்கநாதனின் மொபைல் எண்ணை ஒரு லைனில் போட்டாள், துறைமுக ஆபீசை இன்னொரு லைனில் போட்டாள். அங்கே இருந்த பெண்ணுக்கு ஷெல்லியை நன்றாகத் தெரியும். விஷயத்தைக் கேட்டதும் அவள் ரேடியோவை எடுத்துப் படகைக் கூப்பிட்டாள், போனை அதன் பக்கத்திலேயே வைத்தாள்.

முதலில் காற்றுதான் கேட்டது. பிறகு பாய் படபடக்கிற சத்தமும் ஆட்கள் கூச்சலும். படகோட்டி இரைந்து பேசினார். அவர் பேசினது ஆங்கிலம்தான், பி.காம் படித்த உஷாவுக்கும் அது புரியும்.

"உங்கள் ஆளா? துறைமுகத்தைத் தாண்டியதிலிருந்து கீழே வாளியைக் கட்டிக்கொண்டு கிடக்கிறார். கதை சொல்வார் என்று மைக்கெல்லாம் வைத்திருந்தோம், வாயைத் திறந்தால் வேறுதான் வருகிறது. இருங்கள், சொல்கிறேன்."

அவர் கீழே குனிந்து கத்தினார். உன் வீட்டிலிருந்து போன், பெங்களூரிலிருந்து இணைத்திருக்கிறார்கள், உன் மனைவி கேட்கிறாள் என்றார். கீழேயிருந்து முனகலாக ஒரு பதில் வந்தது. படகோட்டி அதை அப்படியே ரேடியோவில் திருப்பிச் சொன்னார்.

"மீட்டிங்கில் இருப்பதாகச் சொல்லச் சொல்கிறார்."

படகில் யாரோ சிரித்தார்கள். பிரிஜெட் கண்ணை மூடிக்கொண்டாள். குடியாத்தம் லைனில் உஷா மூச்சு வாங்குவது கேட்டது. அவள் அழவில்லை.

அப்போதுதான் அது வந்தது. பிரம்மாண்டமான குக்கர் ஒன்றின் வெயிட்டைத் தூக்கிவிட்டதுபோல 'புஸ்ஸ்' என்று நீளமாக ஒரு சத்தம். படகே ஆவென்று கத்தியது. அதன் பின்னாலேயே சின்னதாக இன்னொரு 'புஸ்'. படகோட்டி எல்லாவற்றையும் மறந்துவிட்டார், ரேடியோவின் பொத்தானிலிருந்து கையை எடுக்கவும் மறந்துவிட்டார்.

"அக்கா" என்றாள் உஷா. "என்னாக்கா அது?"

"திமிங்கலம்மா. மூச்சு விடுது. தாயும் குட்டியும். பக்கத்துல வந்திருக்கு."

மறுபடி ஒரு பெரிய மூச்சு, ஒரு சின்ன மூச்சு. மூன்றாவது மாடியில், ஏசி குளிரில், யாரோ போட்டுப் பழசான ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு பிரிஜெட் அதைக் கேட்டாள். எருமை என்று இனி அவளால் சொல்ல முடியாது. இதைப் பார்க்கக் கடல் தாண்டிப் போனவன் வாளிக்குள் தலையை விட்டுக்கொண்டு கிடக்கிறான்.

"நல்லா மூச்சு விடுதுக்கா" என்றாள் உஷா. அதற்குள் அவளுக்கு அடுத்த வலி வந்துவிட்டது. "போனை வாங்கிக்கப்பா, நான் உள்ள போறேன்" என்று சொன்னது மட்டும் தெளிவாகக் கேட்டது.

மத்தியானத்துக்குள் பெண் குழந்தை பிறந்தது. ரங்கநாதன் பிரிஜெட்டுக்குத்தான் முதலில் போன் செய்து சொன்னார்.

அந்த வாரமே ட்ரெவர் பிரிஜெட்டைக் கூப்பிட்டார். உன்னால் அன்றைக்குப் படகே சிரித்தது என்றார். அந்தக் கதையைச் சொன்ன ஆளைத்தானே அழைத்தோம், அவர் இப்படியா என்று வருத்தப்பட்டார். கதை அவருடையதே இல்லை என்று பிரிஜெட் சொன்னாள். அப்படியென்றால் அடுத்த சீசனுக்கு நீ வா என்றார். பிரிஜெட் அதை ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டாள். வெள்ளைக்காரன் சொல்லும் அடுத்த சீசனும் நம் ஆட்கள் சொல்லும் அடுத்த வாரமும் ஒன்றுதான் என்பது இத்தனை நாளில் அவளுக்குத் தெரிந்திருந்தது. ஆனாலும் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பம் போட்டுவைத்தாள்.

பாலகுமார் ஒரு வாரம் கழித்து, எல்லோருக்கும் கங்காரு சாவிக்கொத்து வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தான். கேண்டீனில் திரை கட்டிப் படம் போட்டான். படகுக் கம்பெனிக் கடையில் விற்கிற அதே படங்கள்தான், ஓரத்தில் அவர்கள் முத்திரைகூட இருந்தது. "தாயும் குட்டியும் என் கை எட்டற தூரத்துல வந்துச்சு. அந்தக் கண்ணப் பாத்தேன் பாருங்க" என்றான். புதிதாகச் சேர்ந்தவர்கள் கைதட்டினார்கள். இந்த ஆளுக்கு வெட்கம் என்பதை வைத்த இடத்தில் கடவுள் அடையாள அட்டையை மாட்டிவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு பிரிஜெட் டீயைக் குடித்தாள்.

பிறகு அவளைத் தனியாகக் கூப்பிட்டான்.

"கிளையண்ட் லைன்ல பர்சனல் கால் போட்டிருக்கே. மெமோ குடுக்கவேண்டி வரும்."

"குடுங்க சார். அந்தக் கால் ரெக்கார்ட் ஆயிருக்கு. மூணு மாசம் ஆகல, அழிச்சிருக்க மாட்டாங்க. மேனேஜரோட சேந்து உக்காந்து ஒரு வாட்டி கேப்போம். நீங்க சொல்லச் சொன்னதும் அதுல வரும்."

மெமோ வரவில்லை.

குழந்தைக்குப் பெயர் வைத்தார்கள். பாலகுமார் குடியாத்தம் போனான், போன சுருக்கில் திரும்பினான், தனியாகத்தான். மூன்றாம் மாதம் அழைத்து வருவதாக அவனே நாள் குறித்தான். மூன்று முடிந்து ஐந்தாகியும் உஷா வரவில்லை. அவன் மொபைலிலிருந்து கூப்பிட்டால் அங்கே யாரும் எடுப்பதில்லை என்று ஆபீஸ் முழுக்கத் தெரிந்துவிட்டது. கேண்டீனில் ஆஸ்திரேலிய உச்சரிப்பும் நின்றுபோனது. சட்னி கேட்பதைக்கூடப் பெருந்துறைத் தமிழில்தான் கேட்டான்.

மார்ச்சில் ஒருநாள் அவன் பிரிஜெட்டின் சீட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றான். கறுப்புப் போனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பிரிஜெட்" என்றான். அவள் சொந்தப் பெயரை அவன் சொன்னது அதுதான் முதல் தடவை. "நீ கூப்ட்டா அவ எடுப்பா. நல்லாப் பேசுவே நீ. வரச் சொல்லி ஒரு வார்த்தை சொல்லு. இல்லைன்னா எங்கிட்டக் குடு, நானே பேசறேன்."

பிரிஜெட் அவனை மேலும் கீழும் பார்த்தாள். கடைசியில் இதற்கும் என் வாய்தானா? பரிதாபம் வருகிறதா என்று மனதுக்குள் தேடிப் பார்த்தாள், வரவில்லை. ஆனாலும் எண்ணைச் சுழற்றினாள்.

உஷாதான் எடுத்தாள். பின்னால் குழந்தை ஏதோ கத்திக்கொண்டிருந்தது, பல் முளைக்கிறதாம்.

"உஷா, நான் பிரிஜெட். சார் பக்கத்துல நிக்கிறாரு. உங்ககிட்டப் பேசணுமாம்."

உஷா நிதானமாக ஒரு பதில் சொன்னாள். அந்தக் குரலில் கோபம் இல்லை, லேசாகச் சிரிப்பு இருந்தது. பாலகுமார் கையை நீட்டிக்கொண்டு நின்றான்.

பிரிஜெட் போனைக் கையால் மூடினாள். உஷாவிடம் இத்தனை நாள் பேசிய அதே மரியாதைக் குரலை எடுத்துக்கொண்டாள்.

"மீட்டிங்ல இருக்காங்களாம் சார்."